அட்டையில் 6/6 வந்த பிறகும் மங்கல்: எம்.எஸ். நோயில் பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் இழைகளைச் சுற்றிய மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய். இது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோயின் முதல் அடையாளமே கண்ணில்தான் தெரிகிறது. பார்வை நரம்பில் அழற்சி வந்து சில நாட்களில் ஒரு கண் மங்கிவிடும். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பியும்விடும். இதுவரைக்கும் கண் மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். பார்வை திரும்பிவிட்டது என்று மருத்துவர் குறிப்பெழுதிய பிறகும் "எனக்குச் சரியா தெரியலை" என்று நோயாளி சொல்லும்போது என்ன செய்வது? இந்த ஆய்வை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

31 வயதுப் பெண். கணக்காளர், நாள் முழுவதும் கணினித் திரையில் வேலை. கண்ணாடி போட்டதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. மாலை நேரங்களில் இறகுப்பந்து ஆடுவார். அதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணி நான் முதலில் குறிப்பில்கூட எழுதவில்லை. பின்னால் இந்த வழக்கில் பாதியை விளக்கியது அந்த விளையாட்டுதான்.

முதலில் வந்தது வலி. வலது கண்ணுக்குப் பின்னால் லேசான கடுகடுப்பு, பக்கவாட்டில் பார்த்தால் அதிகம். திரையை அதிக நேரம் பார்த்ததால் வந்தது என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து மங்கல் தொடங்கியது. "புகை படிஞ்ச கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி இருக்கு. நடுவுலதான் அதிகம், ஓரத்துல பரவாயில்லை" என்று சொன்னார். அருகிலிருந்த ஒரு கண் மருத்துவமனைக்குப் போனபோது, கண்ணின் உட்புறம் இயல்பாக இருக்கிறது, களைப்பாக இருக்கலாம் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பார்வை மேலும் இறங்கவே, வலி தொடங்கிய ஐந்தாம் நாள் எங்களிடம் வந்தார்.

உட்புறம் இயல்பாக இருக்கிறது என்று அங்கே சொன்னது சரியான தகவல்தான். இந்த நோயில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அழற்சி கண்கோளத்துக்குப் பின்னால், நரம்பின் உள்ளே நடக்கிறது. விழித்திரையில் தெரியும் நரம்பு முனை முதல் சில வாரங்களுக்கு எந்த மாற்றமும் காட்டாது. நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, மருத்துவருக்கும் ஒன்றும் தெரியாது என்று இதைப் பற்றி எங்கள் துறையில் பழைய வாசகம் ஒன்று உண்டு. மருத்துவருக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு சிறு டார்ச் போதும்.

முதல் நாள் பரிசோதனை

பார்வைக் கூர்மை வலது கண்ணில் 6/60, இடது கண்ணில் 6/6. 6/6 என்பது இயல்பு; 6/60 என்றால் இயல்பான கண் 60 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கும். அரையிருட்டில் டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி அடித்தோம். இடது கண்ணில் ஒளி பட்டபோது இரண்டு கண்பாவைகளும் சுருங்கின. உடனே வலது கண்ணுக்குத் திருப்பினால், சுருங்க வேண்டிய இடத்தில் இரண்டும் மெல்ல விரிந்தன. ஒளி உள்ளே போகிறது, ஆனால் அதன் தகவல் மூளைக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது என்பதற்கான நேரடியான சான்று இது. நோயாளியின் சொல்லை நம்பியோ அவருடைய ஒத்துழைப்பை எதிர்பார்த்தோ செய்யும் சோதனை இல்லை. அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்து நிறம். ஒரு சிவப்பு மருந்துப் புட்டி மூடியை இடது கண்ணுக்குக் காட்டி, "இந்தச் சிவப்புக்கு நூறு மார்க் போடுங்க. இப்போ வலது கண்ணால பாருங்க, எத்தனை போடுவீங்க?" என்று கேட்டோம். "இருபது. இது சிவப்பே இல்லை டாக்டர், செங்கல் நிறம்" என்றார். நிறத் தட்டுகளில் வலது கண்ணால் முதல் தட்டை மட்டுமே படித்தார். அந்தத் தட்டு நிறக்குருடு உள்ளவர்களும் படிக்கக்கூடியது. பார்வைப் பரப்பு வரைபடத்தில் வலது கண்ணின் நடுவில் பெரிய மங்கல் திட்டு. விழித்திரையும் நரம்பு முனையும் இரு பக்கமும் இயல்பு. விழித்திரை அடுக்குகளை ஒளியால் அளக்கும் ஓ.சி.டி. படமும் எடுத்து வைத்தோம். நரம்பிழை அடுக்கின் தடிமனில் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தக் கட்டத்தில் அப்படித்தான் இருக்கும். இழைகள் அழிந்து அடுக்கு மெலிவது பின்னால் தெரிய வரும்போது ஒப்பிட ஒரு தொடக்க அளவு வேண்டும் என்பதற்காகவே எடுத்தோம்.

கண்ணை விட்டு வெளியே வந்து கேட்ட கேள்விகளும் முக்கியமாயின. இதற்கு முன் எப்போதாவது கை, கால் மரத்துப்போனதா? பொருட்கள் இரட்டையாகத் தெரிந்ததா? கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்தது போல் ஓடியதா? நடை தடுமாறியதா? முதலில் எதற்கும் இல்லை என்றார். கிளம்பும் நேரத்தில், "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இடது தொடையில இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு மாதிரி மதமதன்னு இருந்துச்சு. மூணு வாரம் இருந்து தானா போயிடுச்சு. உட்கார்ற விதம் சரியில்லைன்னு சொன்னாங்க" என்றார். நரம்பியல் மருத்துவருக்கு அன்றே தொலைபேசியில் பேச வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

எது, எது இல்லை

இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள், ஒரு கண்ணில், அசைத்தால் வலியோடு, சில நாட்களில் இறங்கும் பார்வை. இது பார்வை நரம்பழற்சியின் வழக்கமான முகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. ஆனாலும் வழக்கமானது என்று முடிவு கட்டும் முன் ஒதுக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் போவது, வெளிச்சம்கூடத் தெரியாத அளவுக்கு இறங்குவது, நரம்பு முனை பெரிதாக வீங்குவது, வலியே இல்லாமல் வருவது, ஒரு மாதமாகியும் தேறத் தொடங்காதது, ஸ்டீராய்டை நிறுத்தியதும் மறுபடி இறங்குவது ஆகியவை இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். குறிப்பாக, எதிர்ப்பாற்றல் வேறு வழியில் பார்வை நரம்பைத் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, மாக் எதிர்ப்பொருள் நோய் என்ற இரண்டு. இவற்றையும் எம்.எஸ்.ஐயும் பிரித்தறிவது வெறும் பெயர் விவகாரம் கிடையாது. இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகள் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவை மோசமாக்கக்கூடியவை.

இவரிடம் அந்த எச்சரிக்கை அடையாளங்கள் எதுவும் இல்லை. இருந்தாலும் ஸ்டீராய்டு ஏறும் முன்பே, அந்த இரண்டு நோய்களைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4, மாக் எதிர்ப்பொருள்களுக்கு ரத்தம் எடுத்தோம். பின்னால் இரண்டும் இல்லை என்றே வந்தது. மாக் சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எம்.எஸ். தெளிவாகத் தெரியும் ஒருவருக்கு அந்தச் சோதனை மிகக் குறைந்த அளவில் நேர்மறையாக வந்தால், அது விடை தராமல் குழப்பத்தையே தரும். வைட்டமின் பி12, சிபிலிஸ், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றையும் பார்த்தோம், எல்லாம் இயல்பு.

எம்.ஆர்.ஐ.யில் வலது பார்வை நரம்பின் ஒரு சிறு பகுதி, கண்குழிக்குள், சாய மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரிந்தது. மூளையின் நடு அறைகளை ஒட்டி முட்டை வடிவில் சில தழும்புகள். மூளை மேலுறையை ஒட்டி ஒன்று, கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் ஒன்று. மூளைத் தழும்புகளில் ஒன்று மட்டும் சாயத்தை ஏற்றது, மற்றவை ஏற்கவில்லை. அதாவது ஒன்று புதியது, மற்றவை பழையவை. நோய் பல இடங்களில், பல காலங்களில் தாக்கியிருக்கிறது என்பதற்கு இந்த ஒரே படம் போதுமானதாக இருந்தது. முதுகுத் தண்டு நீரில், ரத்தத்தில் இல்லாத ஒலிகோகுளோனல் பட்டைகள், அதாவது நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உருவான எதிர்ப்பொருள்களின் அடையாளம், இருந்தன. இரண்டு ஆண்டுக்கு முந்தைய மரத்துப்போதலுக்குத் தண்டுவடத் தழும்பு பொருந்தியது. எம்.எஸ். என்பது உறுதியானது.

ஸ்டீராய்டு: என்ன தெரிந்து, என்ன முடிவு

இந்த முடிவுக்கு நமக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 15 மையங்களில் 457 பேரை வைத்து நடந்த பார்வை நரம்பழற்சி சிகிச்சை ஆய்வின் முதல் முடிவுகள் 1992-இல் வெளியாயின. மூன்று விஷயங்கள் அதில் தெளிந்தன. மெத்தில்பிரெட்னிசலோனை ரத்தக் குழாய் வழியாக மூன்று நாள் அதிக அளவில் கொடுத்தால் பார்வை சீக்கிரம் திரும்புகிறது. ஆறு மாதம், ஓராண்டு கழித்துப் பார்த்தால் கொடுத்தவர், கொடுக்காதவர் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கமான குறைந்த அளவில் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு அழற்சி மறுபடி வருவது கிட்டத்தட்ட இருமடங்கானது. இந்த மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கண் மங்கியதும் முன்னெச்சரிக்கையாக நாலு மாத்திரை எழுதிக்கொடுப்பது இன்றும் நடக்கிறது.

இதையெல்லாம் அவரிடம் அப்படியே சொன்னோம். "போடலைன்னாலும் கடைசியில அதே பார்வைதான் வரும்னா எதுக்குப் போடணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வலி தூக்கத்தைக் கெடுத்தது, 6/60 இருக்கும் கண்ணோடு வேலை ஓடவில்லை, மூளையில் புதிதாக ஒரு தழும்பு வேறு அழற்சியில் இருந்தது. சீக்கிரம் தேறுவதற்காக மட்டும் போட்டுக்கொள்வதாக, தெரிந்தே முடிவெடுத்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், தொற்று எல்லாம் பார்த்துவிட்டு, நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாள். பிறகு 11 நாள் மாத்திரை. முதல் ஊசியில் வாயில் உலோகச் சுவை, இரண்டு இரவு தூக்கமில்லை. வலி இரண்டாம் நாளே போனது.

நோயின் பெயரைச் சொன்னது

கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னோம். கணவரும் உடன் இருந்தார். எம்.எஸ். என்றதும் நோயாளி கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு கண்ணும் போயிடுமா?"

அந்த 1992 ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஓராண்டுக்குள் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வைக்கு வந்துவிட்டார்கள். அதைச் சொன்னோம். மறுபடி வரலாம் என்பதையும், அதே கண்ணிலோ மற்றக் கண்ணிலோ வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. முழுக் குருடு என்பது இந்த நோயில் அரிது என்றோம். அந்தச் சந்திப்பில் அதற்கு மேல் எதுவும் அவர் காதில் ஏறியிருக்காது. மருந்துப் பேச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளினோம்.

நீண்டகால மருந்து

ஸ்டீராய்டு இந்தத் தாக்குதலிலிருந்து தேறுவதை விரைவாக்கும், அடுத்த தாக்குதலைத் தடுக்காது. அதற்கு நோயின் போக்கை மாற்றும் மருந்து வேண்டும். மிதமான மருந்தில் தொடங்கித் தேவைப்பட்டால் ஏறுவதா, தொடக்கத்திலேயே வலுவானதைக் கொடுப்பதா என்பது நரம்பியல் மருத்துவர்களிடையே இன்றும் பேசப்படும் விஷயம். தண்டுவடத் தழும்பும் சாயம் ஏற்ற தழும்பும் இருந்ததால் வலுவானதை நோக்கிச் சாய்ந்தார்கள். கண் பக்கத்திலிருந்து நாங்கள் சொன்னது ஒன்றுதான். ஃபிங்கோலிமோட் எடுத்தால் சிலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோர்க்கும். ஏற்கெனவே ஒரு கண் பழுதான நிலையில், தொடங்கிய மூன்று நான்கு மாதத்தில் கட்டாயம் கண்ணைப் பார்க்க வேண்டிவரும். அவருக்கு ஓரிரு ஆண்டில் குழந்தை பெறும் எண்ணமும் இருந்ததால் அந்த மருந்து எப்படியும் பொருந்தவில்லை. மஞ்சள் காமாலை பி, காசநோய், எதிர்ப்புரத அளவு எல்லாம் சோதித்து, தடுப்பூசிகளை முடித்து, பி-செல் என்ற எதிர்ப்பாற்றல் அணுக்களைக் குறைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தைத் தொடங்கினார்கள். கருத்தரிக்கும் காலத்தை மருந்து அட்டவணையோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதை எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

6/6 வந்த பிறகு

இரண்டாம் வாரம் 6/24. ஆறாம் வாரம் 6/9. மூன்றாம் மாதம் வலது கண்ணால் கடைசிக்கு முந்தைய வரியைத் தடையில்லாமல் படித்து, கடைசி வரியில் ஓர் எழுத்தை மட்டும் விட்டார். குறிப்பில் 6/6 என்று எழுதலாம். நல்ல மீட்சி.

அவர் முகத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. மூன்று குறைகளைச் சொன்னார். கணக்குத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்தும் கோடும் வலது கண்ணுக்குக் கரைந்துபோகின்றன. பத்து நிமிடம் ஆடினால் வலது கண் மறுபடி மங்கி, உட்கார்ந்து குளிர்ந்த பிறகு தெளிகிறது. மூன்றாவதைச் சொல்லத் தயங்கினார். "பந்து வர்ற இடம் தப்பாத் தெரியுது. குறுக்கே வர்ற பந்துதான். மட்டையை நீட்டினா பந்து அங்க இல்லை. ரோடு கிராஸ் பண்ணவும் பயமா இருக்கு. இதைச் சொன்னா மனப்பிரமைன்னு நினைப்பீங்களோன்னு இருந்துச்சு." அலுவலகத்தில் மேலாளர், கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமே என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றும் உடலில் நடப்பவை. மூன்றுக்கும் சோதனை இருக்கிறது.

முதலாவதுக்கு வெளிர் எழுத்து அட்டை. வழக்கமான அட்டையில் கட்டம் கட்டமாகக் கரிய எழுத்துகள், வெள்ளைப் பின்னணி. பாதி இழைகள் போனாலும் மீதி இழைகள் அதைப் படித்துவிடும். வெளிர் அட்டையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு வெறும் 2.5 சதவீதம். இவர் இடது கண்ணால் பாதி அட்டைக்கு மேல் படித்தார். வலது கண்ணால் முதல் இரண்டு வரியோடு நின்றார். அன்று எடுத்த ஓ.சி.டி. அதற்குக் காரணம் காட்டியது. நரம்பிழை அடுக்கு இடது கண்ணில் 97 மைக்ரான், வலது கண்ணில் 78. முதல் நாளில் இரண்டும் சமமாக இருந்தவை. பார்வை நரம்பில் இருக்கும் சுமார் 10 லட்சம் இழைகளில் கணிசமான பங்கு நிரந்தரமாகப் போய்விட்டது. அட்டையில் 6/6 என்பதும் இதுவும் ஒரே கண்ணைப் பற்றிய இரண்டு உண்மைகள்.

இரண்டாவது, வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் விவரித்தது. மயலின் உறை தேய்ந்த இழையில் மின்துடிப்பு ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சில இழைகளில் அது நின்றுவிடும். வெப்பம் இறங்கினால் மறுபடி ஓடும். நரம்பு புதிதாகச் சேதமாவதில்லை. இது தெரியாவிட்டால் நோயாளி ஒவ்வொரு முறையும் நோய் திரும்பிவிட்டது என்று பயந்து விளையாட்டையே விட்டுவிடுவார். இவரும் விடுவதாகத்தான் இருந்தார்.

மூன்றாவதுக்குத் தனிக் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. ஒரு சாவியை நூலில் கட்டி, அவருக்கு நேர் எதிரே இடம் வலமாக ஊசலாட விட்டேன். முன்னும் பின்னும் போகாமல் ஒரே தளத்தில் ஆடும்படி சுவரை ஒட்டிப் பிடித்திருந்தேன். "எப்படி ஆடுது?" என்று கேட்டேன். இரண்டு கண்ணாலும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஆடலையே, சுத்துது. என் பக்கம் வந்துட்டு அந்தப் பக்கம் போகுது" என்றார். ஒரு கண்ணை மூடச் சொன்னால் நேராக ஆடியது. இடமிருந்து வலமாகப் போகும்போது சாவி கிட்டே வருவது போலவும், வலமிருந்து இடமாகத் திரும்பும்போது தள்ளிப்போவது போலவும் அவருக்குத் தெரிந்தது.

கார்ல் புல்ஃப்ரிக் என்ற இயற்பியலாளர் 1922-இல் விளக்கிய தோற்றம் இது. வலது நரம்பில் தகவல் தாமதமாக வருகிறது. இடது கண் சாவியை இப்போதைய இடத்தில் காட்டும்போது வலது கண் கொஞ்சம் முந்தைய இடத்தைக் காட்டுகிறது. இந்த இடவேறுபாட்டை மூளை ஆழ வேறுபாடாக எடுத்துக்கொள்கிறது. கண்ணில் பட்ட காட்சி மூளைக்கு வந்துசேரும் நேரத்தை அளக்கும் வி.இ.பி. சோதனையில் இந்தத் தாமதத்தை அளக்கவும் முடிந்தது. கட்டத் திரை மாறியதிலிருந்து மூளையின் பின்பகுதியில் அலை எழ இடது பக்கம் 102 மில்லிவினாடி, வலது பக்கம் 131. பார்க்கச் சிறிய எண். வேகமாகக் குறுக்கே வரும் பந்துக்கு அது பெரிய தூரம்.

அடுத்து செய்ததும் எளிது. இடது, அதாவது நல்ல கண்ணுக்கு முன் சாம்பல் நிற வடிகட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தோம். ஒளி குறைந்தால் அந்தக் கண்ணின் தகவலும் தாமதமாகும். மூன்றாவது வடிகட்டியில், "இப்ப நேரா ஆடுது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. தனக்கு நடப்பது உண்மை என்று அன்றுதான் நம்பியதாகப் பின்னர் சொன்னார்.

என்னென்ன மாற்றினோம்

ஆட்டத்துக்கு மட்டும், இடது பக்கம் சாம்பல் கண்ணாடி போட்ட ஒரு மூக்குக்கண்ணாடி. எப்போதும் போட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மங்கிய வெளிச்சத்தில் நல்ல கண்ணையும் மங்கவைப்பது ஆபத்து, அதிலும் படிக்கட்டிலும் சாலையிலும். சாலையைக் கடக்க விளக்கு உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது, வாகனம் நின்ற பிறகு இறங்குவது என்ற பழக்கம் கண்ணாடியைவிடப் பாதுகாப்பு.

வெப்பத்துக்கு, ஆடும் முன் குளிர்ந்த நீர் குடிப்பது, கழுத்தில் ஈரத்துணி, சிறு சிறு ஆட்டமாக இடைவெளி விட்டு ஆடுவது. மங்கினால் நிறுத்த வேண்டும், பயப்பட வேண்டியதில்லை.

வேலைக்கு, திரையில் எழுத்தைக் கருமையாக்கி, கட்டக் கோடுகளைத் தடிப்பாக்கி, நிறத்தால் மட்டும் வேறுபடுத்திய இடங்களில் குறியும் சேர்த்துக்கொள்வது. திரையில் விழும் பிரதிபலிப்பைக் குறைப்பது. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கடிதத்தில் 6/6 என்ற எண்ணோடு நிறுத்தாமல், வெளிர் எழுத்து அட்டையின் முடிவையும் ஓ.சி.டி. அளவையும் போட்டு, கண்ணாடியால் இது சரியாகாது என்று ஒரு வரியும் சேர்த்தோம். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் அலுவலகம் திரையை மாற்றிக் கொடுத்தது.

காய்ச்சலோடு வந்த மங்கல்

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு நாளாக வலது கண் மறுபடி மங்கல், முதல் முறை போலவே இருக்கிறது. ஸ்டீராய்டு ஏற்ற வரட்டுமா என்று கேட்டார்.

அன்றே வரச் சொன்னோம். வலது கண் 6/24. கண்ணை அசைத்தால் வலி இல்லை. கண்பாவைச் சோதனையும் நிற மதிப்பெண்ணும் முந்தைய வருகையைவிடச் சற்றே மோசம். உடல் வெப்பம் 38.6 டிகிரி. கேட்டபோது, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருப்பதாகச் சொன்னார். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று இருந்தது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், 24 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் புதிய அறிகுறியைத்தான் எம்.எஸ். தாக்குதலாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே பழைய தழும்பு காய்ச்சலில் பேசுகிறது என்று தோன்றியது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்குத் தொற்றின் நடுவில் அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றுவது தீங்காகவும் முடியலாம். தொற்றுக்கு மருந்து கொடுத்தோம், ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தோம். காய்ச்சல் இறங்கிய பிறகும் பார்வை ஏறாவிட்டால், அல்லது வலி வந்தால், காத்திராமல் எம்.ஆர்.ஐ.

காய்ச்சல் இறங்கிய மறுநாளே தெளிவு வரத் தொடங்கியது. வார முடிவில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த முறை வழக்கமாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்பு எதுவும் இல்லை.

ஒன்றரை ஆண்டில் நிலை

புதிய தாக்குதல் இல்லை. வலது கண் அட்டையில் 6/6. வெளிர் அட்டையில் முதல் இரண்டு வரி மூன்றாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். வி.இ.பி. தாமதம் 131-இலிருந்து 124-க்கு இறங்கியது. சிவப்பு மூடிக்கு எழுபது மார்க் போடுகிறார். ஊசல் சோதனையில் சாவி இன்னும் லேசாகச் சுற்றுகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிறார், இரட்டையர் ஆட்டம் மட்டும். இடது கண்ணில் அறிகுறி எதுவும் இல்லை. இருந்தும் எம்.எஸ்.-இல் பார்வை நரம்பு சத்தமில்லாமல் பாதிக்கப்படுவது உண்டு என்பதால் இரண்டு கண்ணையும் ஆண்டுதோறும் ஓ.சி.டி.யில் அளக்கிறோம்.

நடைமுறையில் மாற்றியவை

பார்வை நரம்பழற்சிக்குப் பிறகு வரும் ஒவ்வொருவருக்கும், குறை சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஆறாம் வாரத்திலிருந்தே வெளிர் எழுத்து அட்டையைச் சோதனையில் சேர்த்திருக்கிறோம். சூட்டில் மங்குகிறதா, நகரும் பொருளின் தூரம் தப்பாகத் தெரிகிறதா என்ற இரண்டு கேள்விகளை நாங்களே கேட்கிறோம். நோயாளிகள் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை, சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். முதல் ஸ்டீராய்டோடு வீட்டுக்கு அனுப்பும்போதே, காய்ச்சலில் பார்வை மங்கினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள், பிறகு எங்களை அழையுங்கள் என்று எழுதிய ஒரு தாளும் கொடுக்கிறோம்.

தீராமல் இருப்பது சான்றிதழ் விவகாரம். பார்வைக் குறைபாட்டுக்கான சான்றிதழ்கள் பெரும்பாலும் அட்டைக் கூர்மையையும் பார்வைப் பரப்பையும் மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. அந்த இரண்டு அளவிலும் இவருக்குக் குறையே இல்லை. இப்போதைக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக, அவர் செய்யும் வேலைக்கு எது தடையாகிறது என்று சொல்லும் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.